‘அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை’ என்று சொல்லியே பேசிவிடுவது: ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். மேடையிலோ கூட்டத்திலோ ஒருவர் எழுந்து, “அவருடைய பழைய விவகாரங்களை எல்லாம் நான் இங்கே கிளறப்போவதில்லை” என்கிறார். சொன்ன கையோடு கிளறியும் விடுகிறார். இந்த உத்திக்குப் பெயர் உண்டா? நம் அணியிலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? கேட்பவரிடம் இது ஏன் இவ்வளவு எடுபடுகிறது? நம்மீதே யாராவது இதைப் பிரயோகித்தால் என்ன செய்வது?

பெயருக்குப் பஞ்சமில்லை. கிரேக்க மரபில் பாராலெய்ப்சிஸ் என்றும் அபோஃபசிஸ் என்றும் சொல்வார்கள். லத்தீனில் பிரேட்டரிட்டியோ, ஒக்குல்டாட்டியோ. நூலுக்கு நூல் எல்லைகள் கொஞ்சம் மாறும், ஆனால் சுட்டுவது ஒரே பழக்கத்தை. இந்தப் பதிலில் வசதிக்காகத் ‘தவிர்ப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

பலரும் இதைச் சாடைப் பேச்சோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. சாடையில் செய்தி மறைந்திருக்கும், கேட்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். தவிர்ப்பில் தோண்டவே வேண்டாம். “அவர் மூன்று முறை திவாலானதை நான் சொல்லப்போவதில்லை” என்றால், மூன்று, திவால் இரண்டுமே அப்பட்டமாகச் சொல்லப்பட்டுவிட்டன. மறைக்கப்படுவது ஒன்றே ஒன்று: சொன்னவன் நான் என்கிற பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இதைப் பச்சையாக எழுதி வைத்தவர்கள் ரோமானியர்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘ரெட்டோரிக்கா அட் ஹெரென்னியம்’ என்ற பேச்சுக்கலைப் பாடநூல் நெடுங்காலம் ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் பெயரில் உலவியது, எழுதியவர் வேறு யாரோ. அதன் நான்காம் பகுதியில் தவிர்ப்பை எப்போது பயன்படுத்தலாம் என்று ஒரு குறிப்பு வருகிறது. நேராகச் சொன்னால் நீண்டுவிடும் என்றால் பயன்படுத்தலாம். நேராகச் சொல்வது நம் தகுதிக்கு இறக்கம் என்றால் பயன்படுத்தலாம். தெளிவாக விளக்க முடியாதது என்றாலும் பயன்படுத்தலாம். கடைசிக் காரணம்தான் முக்கியம்: எதிராளி எளிதில் மறுத்துவிடக்கூடியது என்றால் பயன்படுத்தலாம். மறுக்கத்தக்க ஒன்றை அடித்துச் சொல்வதைவிடத் தவிர்ப்பால் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுவது அதிக லாபம் என்று அந்த நூல் கூச்சமே இல்லாமல் சொல்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. ஆதாரம் கையில் இருப்பவன் நேராகச் சொல்லிவிட்டுப் போவான். ஆதாரம் இல்லாதவனுக்கோ அரைகுறையாக இருப்பவனுக்கோதான் தவிர்ப்பு பெரும்பாலும் தேவைப்படுகிறது. ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சிசரோ இதை எப்படிச் செய்தார் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். கி.மு. 63, ரோமாபுரி. அரசைக் கவிழ்க்கச் சதி செய்கிறான் என்று கேட்டிலைன் என்ற பிரபு மீது சந்தேகம். அவனையும் அவையில் உட்கார வைத்துக்கொண்டே ஆட்சித் தலைமைப் பதவியான கான்சலாக இருந்த சிசரோ பேசுகிறார். பேச்சின் நடுவில் கேட்டிலைனின் வீட்டு விவகாரம் வருகிறது. முந்தைய மனைவியின் சாவால் புது மணத்துக்கு வீட்டைக் காலி செய்துகொண்டாய், அதன் மேல் நம்பவே முடியாத இன்னொரு பாதகத்தையும் அடுக்கினாய் அல்லவா என்று கேட்கிறார். கேட்ட கையோடு, இதை நான் விட்டுவிடுகிறேன், இது பேசப்படாமலே போகட்டும் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணம்தான் அற்புதம். இப்படியொரு கொடுமை இந்த ஊரில் நடந்தது என்றோ, நடந்தும் தண்டிக்கப்படவில்லை என்றோ தோன்றிவிடக் கூடாதே என்பதற்காக விடுகிறாராம்.

அந்த இன்னொரு பாதகம் என்ன? புது மணத்துக்கு இடைஞ்சலாக இருந்த தன் மகனையே கேட்டிலைன் கொன்றான் என்று ரோமில் ஒரு பேச்சு உலவியது. வரலாற்றாசிரியர் சல்லஸ்ட்டும் அதை எழுதியிருக்கிறார். சிசரோ ‘மகன்’ என்ற சொல்லையோ ‘கொலை’ என்ற சொல்லையோ எடுக்கவே இல்லை. அவையில் இருந்தவர்களுக்கு வதந்தி தெரியும், அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். கேட்டிலைன் எழுந்து “நான் கொல்லவில்லை” என்றால், “யார் உன்னைக் கொலைகாரன் என்றது?” என்ற பதில் தயாராக இருக்கிறது. மறுக்கப் போனால் குற்றத்தைத் தானே பெயர் சொல்லி அழைத்தவன் ஆகிறான், மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகிறது. அடுத்த வரியிலேயே சிசரோ அவனுடைய கடன்களையும் ‘விட்டுவிடுகிறார்’, வரும் ஐதஸ் நாளில், அதாவது மாத நடுவில், எல்லாம் உன் தலையில் இடியப்போவதை நீயே உணர்வாய் என்ற தகவலோடு. பிறகு, உன் சொந்த இழிவுகளை விட்டுவிட்டு நாட்டைப் பற்றியவற்றுக்கு வருகிறேன் என்று பெரிய மனிதராகிவிடுகிறார். அன்றிரவே கேட்டிலைன் ஊரை விட்டுப் போனான்.

சிசரோவுக்கு முன்பே ஏதென்ஸில் டெமோஸ்தனிஸ் என்ற பேச்சாளர் இதற்கு இன்னொரு வடிவம் கண்டிருந்தார். கி.மு. 330-இல் தன் பரம எதிரி ஈஸ்கினிசுக்கு எதிராகப் பேசும்போது, உன்னைப் பற்றியும் உன் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை, எதை முதலில் சொல்வது என்றுதான் திகைக்கிறேன் என்று தொடங்கி, உன் அப்பன் அடிமையாக இருந்ததையா, உன் தாயின் தொழிலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். கேள்வி முடியும்போது எதுவும் பாக்கியில்லை. நம் மேடைகளில் “எதைச் சொல்ல, எதை விட?” என்று தொடங்குபவர்கள் எதையும் விட்டதாக எனக்கு நினைவில்லை.

இனி நம் பக்கம். தமிழ் அணியிலக்கணத்தில் இதற்கு மிக நெருக்கமாக இருப்பது தண்டியலங்காரம் கூறும் முன்னவிலக்கு அணி. முன்னம் என்றால் குறிப்பு. குறிப்பினால் ஒன்றை விலக்குவது, மறுப்பது; அது முக்காலத்துக்கும் பொருந்தி வரும் என்பது நூற்பாவின் சாரம். வடமொழியில் தண்டி ‘ஆக்ஷேபம்’ என்று சொன்னதுதான் இது. தண்டி தரும் ஓர் உதாரணத்தில், பிரிந்து போகும் கணவனைப் பார்த்து மனைவி சொல்கிறாள்: போவதானால் போய் வாருங்கள், வழியெல்லாம் நலமாக இருக்கட்டும், நீங்கள் போய்ச் சேரும் இடத்திலேயே நானும் பிறக்க வேண்டும். ‘போகாதே’ என்ற சொல் எங்கேயும் இல்லை. பிறக்க வேண்டுமானால் அதற்கு முன் என்ன நடந்தாக வேண்டும் என்று கணவன் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும், கால் நகராது. வாழ்த்தின் வடிவத்தில் வரும் தடை இது.

வள்ளுவர் இதே வேலையை ஏழே சீரில் முடிக்கிறார்:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் திரும்பி வருவேன் என்பதையெல்லாம் அதுவரை உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் சொல்லிக்கொள். சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது, ஆனால் குறள் முழுவதும் நிற்பது அதுதான். பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறளாக இதை வைத்தது சும்மா இல்லை.

ஆனால் கவனமாகப் பார்த்தால் இவை இரண்டும் நான் மேலே சொன்ன தவிர்ப்பு இல்லை. இங்கே செய்தி உண்மையிலேயே சொல்லப்படாமல் இருக்கிறது. ‘சொல்ல மாட்டேன்’ என்ற அறிவிப்பும் இல்லை. அந்த அறிவிப்போடு வரும் வகையைத் துல்லியமாகப் பிடித்தவர் 11ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து மம்மடர். அவருடைய காவியப்பிரகாசம் ஆக்ஷேபத்துக்குத் தரும் இலக்கணம் ஏறக்குறைய ரோமானிய நூலின் இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும்: சொல்ல விரும்பியதையே, அதற்கொரு சிறப்பைத் தருவதற்காக, சொல்லாமல் தடுத்துக்கொள்வது. அதில் இரண்டு வகை. இனிமேல் சொல்லப்போவதைத் தடுப்பது ஒன்று, சொல்லிவிட்டதைத் தடுப்பது மற்றொன்று.

முதல் வகைக்கு அவர் காட்டும் பிராகிருதப் பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. தலைவியின் தோழி தலைவனிடம் வருகிறாள். “இரக்கமற்றவனே, இங்கே வா. ஒருத்தியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்கிறாள். உடனே, “வேண்டாம், விடு. யோசிக்காமல் காரியத்தில் இறங்கியவள்தானே, சாகட்டும். நான் சொல்ல மாட்டேன்” என்று நிறுத்திக்கொள்கிறாள். என்ன சொல்ல வந்தாள்? அவள் உன்னை நினைத்து உருகுகிறாள், தூங்கவில்லை, இப்படியே போனால் பிழைக்க மாட்டாள் என்பதைத்தான். அதை அடுக்கிச் சொல்லியிருந்தால் வழக்கமான தூதுப் பாட்டுகளில் இன்னொன்றாகப் போயிருக்கும். ‘சாகட்டும்’ என்று கோபத்தில் விழுந்த சொல் சாபம் மாதிரிக் கேட்கிறது, நிலவர அறிக்கையாக வேலை செய்கிறது. சொல்லுக்குள் அடங்காத அளவு முற்றிவிட்டது என்பதைச் சொல்ல மறுப்பே காட்டிவிடுகிறது. சிசரோ எதிரியை வீழ்த்தக் கையாண்ட அதே அமைப்பு இங்கே தோழியின் ஆற்றாமைக்கு உதவுகிறது. தவிர்ப்பை வெறும் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், தேர்வில் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அவநுதி அணியிலும் மறுப்பு உண்டு, ஆனால் அங்கே ஒரு பொருளின் உண்மைத் தன்மையை மறுத்து வேறொன்றாகச் சொல்கிறோம். பிரிந்தவளுக்கு அது நிலவு இல்லை, நெருப்பு. வஞ்சப்புகழ்ச்சியில் ‘சொல்லவில்லை’ என்பதே கிடையாது. புகழ்வது போல இகழ்வது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, பீலியும் மாலையும் நெய்யுமாக இங்கே எல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது, அதியமானுடையவை கொல்லன் பட்டறையில் உடைந்தல்லவா கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் சொல்வது அதற்கு எல்லோரும் அறிந்த சான்று. பேச்சைப் பாதியில் அறுத்துக்கொள்வது இன்னொன்று; ரோமானியக் கவி வர்ஜிலின் காவியத்தில் கடல் தேவன் காற்றுகளைப் பார்த்து “உங்களை நான்—” என்று தொடங்கி, முதலில் அலையை அடக்குவோம் என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். ‘ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்’ என்று நம்மாழ்வார் பாடுவது இதில் எதிலும் சேராது. அங்கே மறுப்பு உண்மையான மறுப்பு. சொல்லுக்கு எட்டாததை எட்டாதது என்று ஒப்புக்கொள்வது. ஆங்கில நூல்களில் இதையும் தவிர்ப்பையும் குறிக்க ஒரே கிரேக்க வேர் வந்துவிடுவதால் சிலர் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, இது ஏன் எடுபடுகிறது?

மனம் ‘இல்லை’ என்பதைக் கையாளும் விதம் ஒரு காரணம். ஒன்றை மறுக்க வேண்டுமானால் முதலில் அதை மனதில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் சிலரை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி ஓயாமல் அடித்தது. இதைவிட நம் கேள்விக்குப் பொருத்தமானது அதே வெக்னர் குழு 1981-இல் வெளியிட்ட ஆய்வு. தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய செய்தித் தலைப்புகளை மக்களிடம் காட்டினார்கள். சில தலைப்புகள் குற்றத்தை நேராகச் சொன்னவை, சில ‘தொடர்பு உண்டா?’ என்று கேள்வியாக வந்தவை, சில ‘தொடர்பு இல்லை’ என்று மறுத்தவை. கேள்வித் தலைப்பு ஏறக்குறைய நேர்க் குற்றச்சாட்டு அளவுக்கே பெயரைக் கெடுத்தது. மறுப்புத் தலைப்பின் பாதிப்பு குறைவுதான், ஆனாலும் சம்பந்தமே இல்லாத சாதாரணத் தலைப்பைவிட அது ஆளைக் கீழே இறக்கியிருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்ற பழமொழியை வைத்துக்கொண்டு நாம் செய்யும் அநியாயத்தை இவர்கள் அளந்து காட்டினார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் மனவியல் மட்டும் போதாது. சமூகக் காரணம் இன்னும் வலுவானது என்பது என் எண்ணம். தவிர்ப்பு பேசுபவருக்கு ஒரு பெருந்தன்மை வேடத்தை இலவசமாகத் தருகிறது. சொல்ல முடியும், சொல்லவில்லை, நான் அவ்வளவு நாகரிகமானவன். கூடவே, இன்னும் நிறைய இருக்கிறது போலிருக்கிறதே என்ற எண்ணத்தையும் அது விதைக்கிறது. நேரடிக் குற்றச்சாட்டுக்கு ஓர் எல்லை உண்டு, இன்ன தேதி, இன்ன தொகை என்று. தவிர்க்கப்பட்ட குற்றச்சாட்டை அவரவர் விருப்பப்படி ஊதிப் பெருக்கிக்கொள்ளலாம்.

கேட்பவரே கேட்டு வாங்கும்படி செய்வது இதன் உச்சம். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனி செய்வது அதுதான். சீசரைப் புதைக்க வந்தேன், புகழ வரவில்லை என்று தொடங்குகிறான். கொன்றவர்கள் கண்ணியவான்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பிறகு சீசரின் உயிலைக் காட்டி, மன்னியுங்கள், இதை நான் படிப்பதாக இல்லை என்கிறான். கூட்டம் படி படி என்று கத்துகிறது. பொறுங்கள், படிக்கக் கூடாது, சீசர் உங்களை எவ்வளவு நேசித்தார் என்று தெரிந்தால் நீங்கள் கொதித்துப்போவீர்கள், நீங்கள்தான் அவருடைய வாரிசுகள் என்பது தெரியாமல் இருப்பதே நல்லது என்கிறான். உயிலின் சாரம் வெளியே வந்தாயிற்று, உயில் இன்னும் மடித்தபடியே கையில் இருக்கிறது. கடைசியில் படிக்கும்போது அது ஆண்டனியின் பேச்சாக இல்லை, மக்கள் வற்புறுத்தி வாங்கியதாக இருக்கிறது. கொன்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன் என்று அவர்களில் ஒருவனான புரூட்டஸுக்குக் கொடுத்த வாக்கை மீறாதது போலவே காரியத்தைச் சாதித்துவிடுகிறான்.

இதற்கு ஷேக்ஸ்பியர் வரை போக வேண்டியதில்லை என்பீர்கள். உண்மை. “என் வாயைக் கிளறாதீங்க” என்ற ஒற்றை வரியில் ஆண்டனி முழுவதும் இருக்கிறான். சொன்னவர் கிளறப்பட வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் பெரும் பணக்காரமொழி. “நான் ஒண்ணும் சொல்லலப்பா.” “நமக்கெதுக்கு ஊர் வம்பு.” “சொன்னா நல்லாருக்காது.” “அந்தக் கதையை விடுங்க, அது பெரிய கதை.” “நான் சொல்லல, ஊரே சொல்லுது.” ஒவ்வொன்றுக்கும் நெளிவு வேறு. ‘ஊரே சொல்லுது’ பொறுப்பை ஊர் மேல் இறக்கிவைக்கிறது. ‘விடுங்க’ என்பது கேட்பவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது போல ஒரு பாவனை. ‘நமக்கெதுக்கு’ என்பதில் கேட்பவரையும் உடந்தையாக்கும் அந்தப் பன்மையைக் கவனியுங்கள்.

முன்பு ‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்கு இப்போது வருகிறேன். தவிர்ப்பு எல்லாமே ஆதாரமில்லாதவன் வேலை இல்லை. ஆதாரம் முழுக்கக் கையில் இருந்தும் அதை நீட்டிக் காட்ட மனம் வராத இடங்கள் உண்டு. விவிலியத்தில் பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதம் இதற்குச் சிறந்த சான்று. பிலேமோனை விட்டுப் பிரிந்துவந்த அடிமை ஒநேசிமு, சிறையில் இருக்கும் பவுலிடம் சேர்ந்து மனம் மாறுகிறான். அவனைத் திருப்பி அனுப்பும் பவுல், அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். அவன் உனக்கு ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள், நானே தருகிறேன், இதை என் கைப்பட எழுதுகிறேன் என்கிறார். உடனே, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வரி. பிலேமோனின் விசுவாச வாழ்வே பவுலால் வந்தது. அது உண்மை, இருவருக்கும் தெரியும், யாரும் மறுக்கப்போவதில்லை. அதிகாரத்தோடு கட்டளையாகப் போட்டிருந்தால் பிலேமோன் கீழ்ப்படிந்திருப்பார், ஆனால் மனமுவந்து செய்ததாக இருந்திருக்காது. சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னதால் நினைவூட்டலும் நடந்தது, அவருடைய கௌரவமும் காப்பாற்றப்பட்டது. கொஞ்சம் நெருக்கடி கொடுக்கும் வரிதான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நகைச்சுவையில் இது வேறு மாதிரி மின்னும். 1984 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம். ரீகனுக்கு 73 வயது, எதிரே 56 வயது மான்டேல். நெருக்கடி நேரத்தில் நாள்கணக்கில் தூங்காமல் வேலை செய்ய உங்கள் வயதில் முடியுமா என்கிற பாணியில் ஒரு பத்திரிகையாளர் கேட்கிறார். இந்தப் பிரசாரத்தில் வயதை நான் ஒரு பிரச்சினையாக்க மாட்டேன், என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்காகப் பயன்படுத்தப்போவதில்லை என்றார் ரீகன். அரங்கம் சிரித்தது, மான்டேலும் சிரித்துவிட்டார். இதில் விஷம் ஏன் இல்லை? மான்டேல் துணை அதிபராக இருந்தவர், அனுபவமில்லாதவர் என்பதை யாரும் நம்பப்போவதில்லை. குற்றச்சாட்டு பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அந்த ஜோக்கின் அச்சாணி. தன்மீது வந்த கேள்வியை எடுத்து, எதிராளிமீது வீசாமல் விடுவது போல வீசினார். அந்தத் தேர்தலில் ஐம்பது மாநிலங்களில் 49-ஐ ரீகன் வென்றார், அதற்கு இந்த ஒரு வரி காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அதே ரீகன் நான்கு ஆண்டு கழித்துச் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1988-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் மனநலச் சிகிச்சை பெற்றவர் என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவ விவரங்களை அவர் வெளியிட வேண்டுமா என்று நிருபர் கேட்டதற்கு, “ஒரு நோயாளியோடு நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை” என்ற பொருளில் ரீகன் பதில் சொன்னார். சற்று நேரத்தில், ஜோக் அடிக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை என்று பின்வாங்கினார். ஆனால் அதுவரை முணுமுணுப்பாக இருந்தது அதிபர் வாயால் செய்தியாகிவிட்டது. டுகாகிஸின் மருத்துவர் முன்வந்து அவர் நலமாகத்தான் இருக்கிறார் என்று உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. ஆளும் அதே ஆள், வாக்கிய அமைப்பும் அதே அமைப்பு. முன்னதைக் கேட்டவர் ஒருவரும் நம்பவில்லை, பின்னதைச் சிலர் ஏற்கனவே பாதி நம்பிக்கொண்டிருந்தார்கள். தவிர்ப்பின் நிறம் மாறுவது அங்கேதான்.

டிரம்பைப் பற்றி இந்த இடத்தில் எழுத மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். 2017 நவம்பரில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன் என்னை ஏன் கிழவன் என்று அவமதிக்க வேண்டும், நான் அவரை ‘குள்ளம், குண்டு’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டேனே என்று அவர் ட்விட்டரில் எழுதினார். சிசரோ துணியால் மூடிச் செய்ததை இவர் மூடாமலே செய்கிறார். மறைப்பு பாசாங்கு என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்பதே இதில் சுவை. உத்தி இங்கே தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது, அதனால்தான் ஆதரவாளர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் சிலர் கேட்பதுண்டு: ‘நான் சொல்லவே இல்லையே’ என்று நீதிமன்றத்தில் தப்பிக்க முடியுமா? இந்தியத் தண்டனைச் சட்டம், 1860, பிரிவு 499 அவதூறுக்குத் தந்த முதல் எடுத்துக்காட்டே இதற்குப் பதில். “இசட் நேர்மையானவர், பி-யின் கைக்கடிகாரத்தை அவர் ஒருபோதும் திருடியதில்லை” என்று ஏ சொல்கிறான், திருடினார் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு. விதிவிலக்குகளில் எதிலும் அடங்காவிட்டால் அது அவதூறு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356-இலும் இந்தக் கைக்கடிகாரம் தொடர்கிறது. முரண்நகையாகவோ, இதுவோ அதுவோ என்ற வடிவிலோ சொன்னாலும் அவதூறாகலாம் என்ற விளக்கமும் உண்டு. இலக்கணம் மறுப்பு வாக்கியம் என்று வகைப்படுத்துவதைச் சட்டம் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் எண்ணத்தை நிரூபிக்க வேண்டுமே, அங்கேதான் வழக்கு இழுக்கும்.

கடைசியாக, பதில் சொல்வது எப்படி. ஓர் அலுவலகக் கூட்டத்தை வைத்துக்கொள்வோம். ஒருவர், “போன வருஷக் கணக்குல நடந்ததை எல்லாம் நான் இங்க பேச விரும்பல சார்” என்கிறார். எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம் திரும்புகிறது. முதலில் வரும் உந்துதல், “போன வருஷம் எந்தத் தப்பும் நடக்கல” என்று சூடாக மறுப்பது. அதைச் செய்யாதீர்கள். டுகாகிஸ் மாட்டிக்கொண்ட இடம் அது. ‘தப்பு’ என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நீங்கள்தான் இப்போது மேசைமேல் வைத்தீர்கள். 1973-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் “நான் மோசடிக்காரன் இல்லை” என்று சொன்னதில் உலகம் நினைவில் வைத்திருப்பது எந்தச் சொல்லை என்று யோசியுங்கள்.

அவர் கழற்றிவைத்த பொறுப்பை அமைதியாக எடுத்து அவர் கையிலேயே கொடுப்பதுதான் வழி. “பேச விரும்பலைன்னு சொன்னீங்க, ஆனா எடுத்துட்டீங்க. எந்தக் கணக்கு, எந்த மாசம்னு சொல்லுங்க, இப்பவே பார்த்துடலாம்.” இதில் கோபம் வேண்டாம், குரல் உயர வேண்டாம். அவரிடம் விஷயம் இருந்தால் சொல்வார், நீங்களும் நேராகப் பதில் சொல்லலாம், அதுவும் நல்லதுதான். இல்லாவிட்டால் “பொதுவா சொன்னேன்” என்று இறங்குவார். கூட்டத்தை நடத்துபவர் நீங்கள் என்றால் இன்னும் எளிது: “இதை மினிட்ஸ்ல எழுதிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விஷயம் அற்பமானது என்றால் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரு வழி. “சரி, பேச வேண்டாம்” என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டால், கிளறப்படக் காத்திருந்தவர் ஏமாந்து உட்கார்ந்திருப்பார்.

நீங்களே எழுதும்போதும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எதிரியை வீழ்த்த யாரும் தினமும் சிசரோ ஆவதில்லை. நம்மில் பெரும்பாலோர் இதைச் செய்வது மின்னஞ்சலில்தான், அதுவும் பெரும்பாலும் தெரியாமலே. “கடைசித் தேதி என்றைக்கு என்று உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை என நினைக்கிறேன்” என்று எழுதினால், படிப்பவர் காதில் விழுவது ‘உங்களுக்கு நினைவே இருப்பதில்லை’ என்பதுதான். தேதி வேறு அதில் இல்லை. “வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை வேண்டும்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.